இந்த அடுப்பில் சொக்லேட் காய்ச்சுவேன்

அண்ணா, இதில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். ஒன்றையும் கூட்ட மாட்டேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன். கடிதம் அம்மாவுடையது, எழுதுவது மட்டும் நான். அம்மாவுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. "நான் பேனையைப் பிடிச்சா ரெண்டாம் வரியிலயே ஏச்சுத்தான் வரும், நீ எழுது புள்ள" என்று சொல்லிக் குசினி அடுப்படியில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரிப் பூ வைக்காத" என்றும் சொன்னார். அம்மா பேச்சில் சொல்வதை நான் எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறேன். மற்றவர்கள் பேசியது பேசியபடியே இருக்கும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன். மற்றபடி இனி வரும் "நான்" அம்மா. "நீ" என்பது நீங்கள், "தங்கச்சி" என்பது நான்.

மகன், நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். நாங்களும் சுகம். இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல், படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். காரணம் உனக்குத் தெரியும். நீயும் என்னைத் தனியாகக் கேட்கவில்லை. மாமி, சித்தப்பா, கொழும்பில் இருப்பவர்கள், லண்டனில் இருப்பவர்கள், நான் முகம்கூடக் காணாத மருமக்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் என் படத்துக்குக் கீழே, "அப்பா போய் வருசம் திரும்பல்ல, அதுக்குள்ள வீட்டில சொக்லேட் பார்ட்டியா? வெக்கமா இல்லையா அம்மா?" என்று கேட்டாய். அந்தப் படத்தில் நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். நெற்றியில் பொட்டு இல்லை. மேலுதட்டில் மட்டும் சொக்லேட் மீசை. நேற்று மறுபடி எழுதினாய். வருடம் திரும்பிச் செய்யும் ஆட்டைத் திவசம் முடியும்வரை இந்த வீட்டு அடுப்பில் இனிப்பு எதுவும் ஏறக்கூடாதாம். என்னால் முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்லடியில் மாமி வீட்டில் போய் இருக்க வேண்டுமாம். இரண்டும் நடக்காவிட்டால் நீ திவசத்துக்கு வர மாட்டாயாம். அப்பாவுக்கு நீ ஒரே மகன். தர்ப்பை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவன். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வரியை எழுதியிருக்கிறாய். எங்கே பிடித்தால் எனக்கு வலிக்கும் என்று பார்த்துப் பிடித்திருக்கிறாய். எல்லோருக்கும் முன்னால் கேட்ட கேள்விக்கு எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்கிறேன். பொறுமையாக வாசி.

வழக்கத்தை மதிக்காதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. தீபாவளிக்கு இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பொங்கலுக்கு முற்றத்தில் கோலமும் இல்லை, பானையும் இல்லை. சாவு நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பலகாரம் சுடக்கூடாது, அயலவர்கள்தான் கொண்டுவந்து தரவேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வவுணதீவில் இந்தத் தெருவில் ஒரு வீடு மிச்சமில்லாமல் முறுக்கும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து தந்தார்கள். தட்டுகளைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதையும் செய்தேன்.

(சாவுத் துடக்கு உள்ள வீட்டில் வைக்கக்கூடாதது எண்ணெய்ச் சட்டிதான், சொக்லேட் காய்ச்ச எண்ணெயே தேவையில்லை, ஆகவே வழக்கம் எதுவும் மீறப்படவில்லை என்று நான் மாமிக்குச் சொன்னேன். மாமி, "புத்தகத்த வாசிச்சு வாசிச்சு வாய்தான் நீண்டு கிடக்கு" என்றார். மாமி ஏசியதாவது பரவாயில்லை, அம்மாவும் "சட்டம் பேசாத" என்று என்னைத்தான் அடக்கினார்.)

சட்டம் பேசாதே என்று சொன்னது உண்மைதான். எண்ணெய் இல்லை, பொரியல் இல்லை என்று சந்து தேடி நுழைந்து தப்பிக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்தச் சொக்லேட்டுக்கு எண்ணெய் தேவைப்பட்டிருந்தாலும் நான் காய்ச்சியிருப்பேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். இது உனக்குத் தெரியாத கதை. தெரியக்கூடாது என்றுதான் நானும் உன் அப்பாவும் இவ்வளவு காலம் வைத்திருந்தோம்.

அப்பா பாசிக்குடா ஹோட்டலில் இனிப்புச் செய்யும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. கிழமையில் ஒரு நாள்தான் லீவு. திங்கள் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்குவார், புதன் விடியப் போய்விடுவார். உனக்கு அவர் கொண்டுவரும் கேக் பெட்டிதான் ஞாபகம் இருக்கும். அந்தப் பெட்டிக்கு அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றி இன்னொரு பொட்டலம் இருக்கும். ஹோட்டலுக்கு வரும் பெரிய சொக்லேட் பாளங்களை வெட்டும்போது உடைந்து சிதறும் துண்டுகளை வேலை செய்கிறவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்களாம். செவ்வாய்க்கிழமை காலையில் உன்னையும் தங்கச்சியையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, படலையைச் சாத்திவிட்டு வருவேன். அப்பா குசினிக்குள் நிற்பார். சட்டியில் தண்ணீர் கொதிக்கும். அதன் மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் அந்தத் துண்டுகள். பக்கத்துப் பட்டியில் கறந்த எருமைப் பால் இன்னொரு அடுப்பில், கறுவாப்பட்டை ஒரு துண்டோடு. "ஹோட்டலில பெட்டிப் பால்தான். இந்தப் பாலுக்கு அதெல்லாம் கிட்ட வராது" என்பார். பால் காய்ந்ததும், வறுத்த சிவப்பரிசி மாவில் ஒரு சிட்டிகையைக் கரைத்து விடுவார். அது ஹோட்டலில் பழகியது இல்லை, அவரே கண்டுபிடித்தது. பிறகு உருகிய சொக்லேட்டில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, கடைசியில் விரல் நுனியால் உப்பு. இரண்டு பெரிய கோப்பைகளை எடுத்து, தேத்தண்ணி இழுப்பதுபோல் உயர்த்தி உயர்த்தி ஆற்றுவார். நுரை கோப்பையின் விளிம்புக்கு மேல் எழுந்து நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் பின்கதவடியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடிப்போம்.

முதல் தடவை நான் கேட்டேன், "பிள்ளையளுக்கு எடுத்து வைப்பமே?" என்று. "அதுகளுக்குக் கேக் கிடக்கு. இது அதுகளுக்கில்ல" என்றார். "இவ்வளவு சாமானையும் போட்டு எனக்கு எதுக்கு?" என்றால், "எந்த நாட்டில இருந்தெல்லாமோ வந்து கால நீட்டிக்கொண்டு இருந்து குடிக்கிறாங்கள். என்ட பொஞ்சாதி குடிச்சா என்ன, வரி கட்டணுமா?" என்பார். குடித்து முடிந்ததும் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். நீங்கள் வரும்போது குசினியில் மீன் குழம்பு வாசம்தான் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பெற்றவர்கள் ஒளித்துக் குடித்தார்கள் என்று இப்போது குடும்பமே வாசிக்கப்போகிறது. வாசிக்கட்டும். நான் இந்த வீட்டில் சமைத்ததெல்லாம் உங்களுக்குத்தான். செவ்வாய்க்கிழமைக் கோப்பை ஒன்று மட்டும் எனக்கென்று வேறொருவர் செய்து தந்தது.

(எனக்கு ஓரளவு தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் கழுவிக் கவிழ்த்த கோப்பையில் தண்ணீர் குடித்தால் ஒரு வாசம் வரும். அம்மாவின் இருமலுக்கு அப்பா கொண்டுவரும் மருந்து என்று நினைத்தேன். இதைச் சொன்னதும் அம்மா மேசையில் தட்டிச் சிரித்தார். "மருந்துதான் மனே, எழுது" என்றார்.)

நீ கனடாவுக்குப் போன பிறகும், தங்கச்சி பெரிய வகுப்புக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. போன வருடம் அப்பா வேலைக்குப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்று அவர் போட்டுக்கொண்டு போன சட்டையைத் தவிர, அதற்கு முந்தின கிழமை கொண்டுவந்த பொட்டலம் ஒன்றுதான் மிச்சம். குளிர்சாதனப் பெட்டியில், மீன் பைகளுக்குப் பின்னால் கிடந்தது. நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், உன் லீவு முடிந்து போனாய். வந்த நாட்களில் நீ ஒன்றைக் கவனித்திருப்பாய். நான் அழவில்லை. பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓலையை எண்ணிக்கொண்டிருந்தேன். "என்னகா, உன்ட நெஞ்சு கல்லா?" என்று மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார். முப்பத்தோராம் நாள் படையலில் அப்பாவுக்குப் பிடித்தது என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நண்டுக் கறி, சுருட்டு, சாராயப் போத்தல்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமைக் கோப்பையை நான் வைக்கவில்லை. அழ முயன்றுதான் பார்த்தேன். வரவில்லை. கறிக்கு வெங்காயம் வெட்டினாலும் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இனி அந்தப் படம் எடுத்த நாளுக்கு வருகிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. தங்கச்சி குளிர்சாதனப் பெட்டியைக் கழுவ இறங்கி, அந்தப் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரித்தால் சொக்லேட் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பூஞ்சணம் என்று நினைத்து நான் எறியச் சொன்னேன். "பூஞ்சணம் இல்லம்மா, உள்ளுக்குள்ள இருக்கிற கொழுப்புத்தான் மேல வந்து கிடக்கு, உருக்கினாச் சரி" என்று அவள் எங்கேயோ வாசித்ததைச் சொன்னாள். அப்படியென்றால் இன்னும் பழுதாகாமல் இருக்கும்போதே காய்ச்சுவோம் என்று தோன்றியது. அப்பா செய்தபடியே சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, மேலே கிண்ணத்தை வைத்து, துண்டுகளைப் போட்டேன். அது மெல்ல மெல்ல இளகி, கறுப்புப் பட்டுப்போல மினுங்கிக்கொண்டு வந்தது. அது உருகும் நேரத்தில் வேலையை முடிப்போம் என்று வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். அதுதான் நான் விட்ட பிழை. செம்பில் மஞ்சள் கரைத்து, மாவிலையால் தொட்டு, வாசல் நிலையிலிருந்து மூலை மூலையாகத் தெளித்துக்கொண்டு வந்தவள், கை பழகிய பழக்கத்தில் அடுப்படிக்கும் தெளித்துவிட்டேன். கிண்ணத்துக்குள் விழுந்தது சில துளிதான். உருகிய சொக்லேட்டுக்குத் தண்ணீர்த் துளி ஆகாது என்று அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார். மூடியில் வேர்த்த தண்ணீரைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் திறப்பார். கண்முன்னாலேயே அந்தப் பட்டு சுருங்கி, திரண்டு, புற்றுமண் மாதிரிக் கட்டியாகிவிட்டது. கரண்டி அதில் நட்டபடியே நின்றது.

அப்போதுதான் மகன், எனக்கு அழுகை வந்தது. அவர் கையால் கொண்டுவந்து வைத்த கடைசிப் பொட்டலத்தை, நானே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கெடுத்துவிட்டேன். குசினி நிலத்தில் உட்கார்ந்து கத்தி அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வந்து, "என்னகா, என்ன நடந்த?" என்று கேட்டார்கள். எத்தனையோ மாதம் வராத தண்ணீர் எல்லாம் அன்று வந்தது.

(அம்மா அழட்டும் என்று நான் விட்டுவிட்டேன். ஆனால் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. சில துளித் தண்ணீருக்கு இறுகிப்போன சொக்லேட், நிறையச் சூடான பாலை ஊற்றினால் மறுபடி இளகிவிடும் என்று வாசித்திருந்தேன். சரியாக வரும் என்று நிச்சயம் இல்லை. "பழுதாப் போனத என்ன செய்யப் போறாய், விடு" என்று அம்மா நிலத்திலிருந்து சொன்னார். நான் ஊற்றிக்கொண்டே மத்தால் கடைந்தேன். முதலில் கட்டி கட்டியாக மிதந்தது. பிறகு கலங்கியது. பிறகு ஒன்றாகிவிட்டது. மஞ்சள் வாசம் கொஞ்சம் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.)

அவள் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் மூக்கைச் சீறிவிட்டு ஒரு வாய் குடித்தேன். அப்பாவின் பக்குவம்தான். மஞ்சள் வாசத்தை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இருந்திருந்தால், "மஞ்சள் போட்டு வேகவைக்க இது என்ன கும்பிளா மீனா?" என்று கேட்டிருப்பார். அதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் அவள் படம் எடுத்தாள். நீ "பார்ட்டி" என்று எழுதினாயே, அது அந்தப் படம். கண்ணைப் பெரிதாக்கிப் பார், இமை வீங்கியிருப்பது தெரியும். மீசையை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டாய்.

(படத்தை என் ஸ்டேட்டஸில் போட்டது நான்தான். மாமி அதைக் குழுவுக்கு அனுப்புவார் என்று யோசிக்கவில்லை.)

உன் முதல் செய்தியைப் பார்த்ததும் நான் காய்ச்சுவதை நிறுத்திவிட்டேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தது சின்னப் பிழை. நிறுத்தினது பெரிய பிழை. திரும்பக் காய்ச்சவென்று ஏறாவூர்க் கடையில் வாங்கிய சொக்லேட் பாளத்தைத் தகரப் பேணியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தேன். ஒரு பேணியை ஏற்றி வைத்ததோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. தொலைக்காட்சியைப் போடலாமா என்று யோசித்தேன். பச்சைச் சேலை கட்டினால் யார் என்ன சொல்வார்களோ என்று மடித்து வைத்தேன். போனில் யாராவது பகிடி விட்டால் சிரிப்பு வாய்க்கு வருமுன் கையால் பொத்தினேன். யாரும் பார்க்காத குசினியில் நின்றுகொண்டு வாயைப் பொத்துகிறேன்! தங்கச்சி பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு நேரே அறைக்குள் போவாள். நீ அங்கே ஒரு வரி எழுதினாய். இங்கே இரண்டு பெண்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அப்பா எனக்குச் செய்து தந்த ஒரேயொரு ஆடம்பரத்தை, அப்பாவின் பெயரைச் சொல்லியே என்னிடமிருந்து பறிக்கிறார்கள் என்று ஒரு நாள் சோறு வடிக்கும்போது பட்டது. வடித்த சட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் ஏறிப் பேணியை எடுத்தேன்.

அது செவ்வாய்க்கிழமையாக அமைந்தது நான் பார்த்து வைத்ததில்லை. பேணியில் இருந்த பாளத்தில் பாதியை வெட்டிப் போட்டு, பாலை ஊற்றி, ஆற்றப் போகும் நேரத்தில் மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். குடையை மடக்கவில்லை, நேரே குசினிக்குள் வந்தார்.

"என்னகா இது? மகன் அவ்வளவு சொல்லியும் திரும்பவும் வெச்சிருக்காய்?"

"வாங்க மச்சாள், இருங்க. உங்களுக்கும் ஊத்துறன்."

"என்ட தம்பி செத்த வீட்டில நான் சொக்லேட் குடிக்கவோ? ஊர் என்ன கதைக்குது எண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீங்கதான் கிழமைக்கு ஒருக்கா வந்து சொல்லுறயளே."

சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினார். பின்கதவால் போய் வாழையடியில் முழுவதையும் ஊற்றினார். நான் தடுக்கவில்லை. அவர் திரும்பி வரும்போது இரண்டாவது சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டேன். மிச்சப் பாளத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லுறது காதில விழல்லையா?"

"விழுது. நீங்க ஊத்துங்க மச்சாள், நான் திரும்ப வெப்பன். வாழைக்கும் நல்லதுதான், குலை தள்ளட்டும்."

"தம்பிர படத்துக்கு முன்னால இப்படிக் கூத்தாட உனக்கு எப்படி மனம் வருது?"

"உங்கட தம்பிதான் எனக்கு இதைப் பழக்கினவர்."

"பொய் சொல்லாத. அவன் இனிப்பே தொடமாட்டான்."

"உங்கட வீட்டில தொடமாட்டார்."

(இதை மாமி வாசிப்பார், கொஞ்சம் மாற்றி எழுதவா என்று கேட்டேன். "நடந்தத நடந்தபடி எழுதுவன் எண்டு சொன்னது ஆரு?" என்று அம்மா கேட்டார். மாற்றவில்லை.)

மாமி போகும்போது வாசலில் நின்று, "இந்த வீட்டில அவன்ட மகன் சொல்லுறதுதான் நடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் உனக்குப் போன் எடுத்திருப்பார். அதற்குப் பிறகுதானே உன் இரண்டாவது செய்தி வந்தது, வீட்டைப் பூட்டு என்று. இதைக் குழுவில் உள்ள எல்லோரும் ஒருமுறை யோசியுங்கள். இது யாருடைய வீடு? எங்கள் பகுதியில் வீடு பெண்ணோடு வரும், ஆண்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். என் அம்மா எனக்கு எழுதித் தந்த வீடு இது. உன் அப்பா கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு இந்தப் படலைக்குள் வந்தவர். கடைசிவரை "உன்ட வீடு" என்றுதான் சொல்லுவார், கூரை ஓடு மாற்றும்போதும் என்னைத்தான் கேட்டு மாற்றுவார். நாளைக்கு இது தங்கச்சிக்கு. உனக்கும் ஒரு நாள் ஒரு பெண்ணின் வீட்டுப் படலை திறக்கும். அதற்குள் போகும்போது குடையை மடக்கிவிட்டுப் போ. இந்தக் குசினியைப் பூட்டச் சொல்ல உனக்கு உரிமை இல்லை மகன். மாமிக்கும் இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவருக்கும் இருந்திருக்காது. அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

உன்னில் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் நீ ஏன் அப்படி எழுதினாய் என்பதும் விளங்குகிறது. நீ தூரத்தில் இருக்கிறாய். இங்கே எல்லாம் அப்பா செத்த அன்று நின்றது நின்றபடி இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய். நீ வந்து அழுவதற்கு அந்தச் சாவு வீடு அப்படியே காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்க முடியாது. நான் இதற்குள் இருந்து சமைத்து, கூட்டி, உன் தங்கச்சியைப் படிக்க அனுப்ப வேண்டியவள். உனக்கும் அழ வேண்டியிருந்தால், அங்கேயே அழு. அறையில் கூட இருக்கும் பெடியன்கள் பார்த்தால் பார்க்கட்டும். தனியாக அழ வராவிட்டால் நான் ஒரு வழி சொல்கிறேன்.

கடையில் விற்கும் பொடியைக் கோப்பையில் போட்டுச் சுடுதண்ணீரை ஊற்றிக் குடிக்காதே. அது சொக்லேட் இல்லை, சீனித் தண்ணீர். நல்ல கறுப்புச் சொக்லேட் ஒரு பாளம் வாங்கு. விலை பார்க்காதே, ஒரு நாளைக்குத்தானே. கத்தியால் பொடியாகச் சீவு. பெருந்துண்டாகப் போட்டால் வெளிப்பக்கம் கருகும், உள்பக்கம் உருகாது. கிண்ணம் கொதிக்கிற தண்ணீரைத் தொடக்கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். கிண்ணத்தையும் கரண்டியையும் ஈரம் இல்லாமல் துடை. அங்கே எருமைப் பால் கிடைக்காது, கிடைப்பதில் தடிப்பான பாலை எடு. சிவப்பரிசி மா தமிழ்க் கடையில் இருக்கும், வறுத்ததா என்று கேட்டு வாங்கு. உப்பை மறந்துவிடாதே. உப்பு இல்லாவிட்டால் இனிப்புத் தெரியாது. ஆற்றும்போது கையை உயர்த்து, சிந்தினால் சிந்தட்டும். பிறகு உட்கார்ந்து குடி. நின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு குடிக்காதே. உன் அப்பா நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்துவிட்டு வந்து, தனக்கும் எனக்கும் என்று ஒரு நாளை வைத்திருந்தார். உழைத்து அனுப்புகிற நீயும் அப்படி ஒரு நாளை வைத்துக்கொள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே.

உனக்குப் பிடித்த பிஸ்கட் புடிங் நீ வரும் நாளில் இந்த வீட்டில் இருக்கும். பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து அடுக்கி, இடையில் பட்டரும் கொக்கோவும் அடித்துப் பூசி, மேலே முந்திரிக் கஜுவைத் தூவி, விளிம்புவரை நிரப்பி வைப்பேன். திவசத்துக்கு முதல் நாள் வந்தாலும் இருக்கும், பிறகு வந்தாலும் இருக்கும். வருடம் திரும்பினதா என்று பார்த்துச் செய்ய மாட்டேன்.

கடைசியாகத் திவசம். நீ வர வேண்டும் என்பது என் ஆசை. மண்டியிட்டுக் கேட்க மாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு உன்னை அழைக்கவும் மாட்டேன். நீ வந்தால் வாவிக்கரையில் நீ தண்ணீர் இறை. நீ வராவிட்டால் உன் அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்க ஆள் இல்லை என்று நினைக்காதே. உன் தங்கச்சி இருக்கிறாள். அவளும் அவர் பெற்ற பிள்ளைதான். தர்ப்பையை அவள் விரலில் போடச் சொல்வேன். ஐயர் மாட்டேன் என்றால் ஐயர் இல்லாமல் போவோம். எள்ளும் தண்ணீரும் எங்களிடம் இருக்கின்றன.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அண்ணா, சத்தியமாக இது எனக்கு முன்பே தெரியாது. அம்மா என்னிடம் கேட்கவே இல்லை. "அம்மா, உண்மையாவா?" என்று கேட்டேன். "உனக்குப் பயமா?" என்றார். பயம்தான் என்று சொன்னேன். ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் செய்து நான் கண்டதில்லை. மந்திரம் தெரியாது, எந்தக் கையால் இறைப்பது என்றும் தெரியாது. "உனக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லு, நான் வாவியில இறங்கி இறைப்பன்" என்றார். நான் யோசித்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் இறைக்க எனக்கு விருப்பம் இருக்கிறது. நீங்கள் வந்தால் உங்களுக்குப் பக்கத்தில் நின்று இறைப்பேன். வராவிட்டால் தனியாக இறைப்பேன். இதை அம்மா சொல்லித்தரவில்லை. இது என் சொந்தச் சொல்.)

இவ்வளவுதான் மகன். நேரத்துக்குச் சாப்பிடு. பதிலை எங்கே எழுதுவது என்பது உன் விருப்பம். அன்புடன், உன் அம்மா.

அண்ணா, கடிதம் முடிந்துவிட்டது. இனி எழுதுவது நான். அம்மா முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். மாமி வரும் இடத்தில் மட்டும் வாய்க்குள் சிரித்தார். ஏதாவது வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். "ஒண்டும் வெட்டாத. அனுப்பு" என்றார். தாள்களைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமி பார்த்துவிட்டதாகக் காட்டியது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அங்கே வேலை நேரமாக இருக்கும். அம்மா போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். பின்னேரம் பெய்த மழைக்கு ஈசல் கிளம்பி, குசினி பல்பைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்தது. நான் ஆற்றத் தொடங்கியதும் இரண்டு மூன்று ஈசல் கோப்பைக்குக் கிட்ட வந்து விழுந்தன. "லைட்ட நூர் புள்ள, எல்லாத்தையும் நூர். இதையும் வாழைக்கு ஊத்த ஏலாது" என்று அம்மா கத்தினார். குசினியிலும் விறாந்தையிலும் வாசலிலும் விளக்குகளை அணைத்துவிட்டு, இருட்டில் பின்கதவடியில் உட்கார்ந்து குடித்தோம்.